துபாஷி இல்லாத கடை

இந்த மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதணும்னு கூட்டத்தில் முடிவானப்போ சேமிப்பு, வங்கிக் கடன், கோழி வளர்ப்பு எல்லாத்தையும் மத்த அக்காமாருங்க எடுத்துக்கிட்டாங்க. எனக்கு மிச்சம் இருந்தது நம்ம வியாழக்கிழமை இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி. அதை எப்படிச் சொல்லித் தர்றோம்னு மட்டும் எழுதினா அரைப் பக்கத்தில் முடிஞ்சிடும். ஏன் அதுக்கு ஒக்காந்தோம்ங்கிறதுதான் பெரிய கதை. அந்தக் கதை நம்ம குழுவோட ஆரம்பிக்கலை, முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. அதனால இதை வரலாற்றுக் கட்டுரையாவே எழுதறேன். ஊர்ப்புற நூலகத்திலும் பிள்ளைங்க பாடப்புத்தகத்திலும் படிச்சதும், நம்ம கடையில் கண்ணால் பார்த்ததும் இதில் இருக்கு.

முதல்ல ஒரு வார்த்தை. துபாஷி. இப்ப யாரும் சொல்றதில்லை. ரெண்டு பாஷை தெரிஞ்சவர்னு அர்த்தம். வெள்ளைக்காரன் பேசறதை நம்ம ஆளுக்கும், நம்ம ஆள் பேசறதை வெள்ளைக்காரனுக்கும் மாத்திச் சொல்றவர். சென்னைப் பட்டணம் உண்டானதே ஒரு துபாஷி நடுவில் நின்னுதான்னு சொல்லுவாங்க. 1639-ல் பிரான்சிஸ் டே என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர்கிட்ட கடற்கரை ஓரமா ஒரு துண்டு நிலம் வாங்கினார். அவருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. பேரி திம்மப்பா என்ற வியாபாரிதான் துபாஷியா இருந்து பேசி முடிச்சார். அந்த இடத்தில்தான் ஜார்ஜ் கோட்டை வந்தது.

கம்பெனி இங்கே வந்தது முக்கியமா துணிக்காக. நம்ம நெசவாளர் நெய்த துணிக்குக் கடல் தாண்டி அவ்வளவு கிராக்கி. ஆனா கம்பெனிக்காரனுக்கு நெசவாளர் பாஷை தெரியாது, நெசவாளருக்குக் கம்பெனிக்காரன் பாஷை தெரியாது. நடுவில் துபாஷியும் தரகரும் நின்னாங்க. முன்பணம் அவங்க கை வழியாத்தான் தறிக்கு வரும், துணியும் அவங்க கை வழியாத்தான் கோட்டைக்குப் போகும். அந்தப் பக்கம் என்ன விலை பேசினாங்கன்னு இந்தப் பக்கம் தெரியாது. இந்தப் பக்கம் எவ்வளவு கொடுத்தாங்கன்னு அந்தப் பக்கம் தெரியாது. தெரிஞ்சது நடுவில் நின்னவருக்கு மட்டும்தான். ரெண்டு பக்கமும் கமிஷன் நின்னது.

துபாஷிகள் எல்லாரும் கெட்டவங்கன்னு நான் சொல்ல வரலை. அது பொறுப்பான வேலை, புத்திசாலிங்க செய்த வேலை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் துப்ளேக்ஸ் கவர்னரா இருந்தப்போ ஆனந்தரங்கப் பிள்ளை தலைமைத் துபாஷியா இருந்தார். 1736-ல் இருந்து 1761-ல் அவர் சாகிற வரைக்கும் அன்னன்னைக்கு நடந்ததைத் தமிழில் எழுதி வெச்சிருக்கார். அந்தக் காலத்துக் கப்பல், சரக்கு, சண்டை, வதந்தி எல்லாம் இன்னைக்கு நமக்குத் தெரியறதுக்கு அந்த நாட்குறிப்பு ஒரு பெரிய காரணம். சென்னையில் பச்சையப்ப முதலியார்னு ஒருத்தர், 1754-ல் பிறந்து 1794-ல் இறந்தவர். துபாஷியா இருந்து சேர்த்த சொத்தைத் தர்மத்துக்கு எழுதி வெச்சார். பச்சையப்பன் கல்லூரி அந்தப் பணத்தில் வந்ததுதான். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க கூட அங்கே படிச்சிருக்காங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு காலேஜே கட்டற அளவுக்குச் சொத்து சேரணும்னா அந்த நடு இடத்தில் எவ்வளவு பணம் ஓடியிருக்கணும்!

இன்னொரு விஷயத்தையும் எழுதாம விட மனசில்லை. துப்ளேக்ஸோட சம்சாரம் ழான் அம்மா பாண்டிச்சேரியிலேயே பிறந்தவங்க, தமிழ் பேசத் தெரியும். துபாஷி இல்லாமலே ஊர்க்காரங்ககிட்ட நேரா பேசுவாங்க, காரியங்களில் தலையிடுவாங்க. பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கலை. நாட்குறிப்பில் அந்த அம்மாவைப் பத்தி நல்லபடியா எழுதலைன்னு படிச்சேன். அந்த அம்மா செய்தது எல்லாம் சரியான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா பாஷை தெரிஞ்ச பொம்பளை ஒருத்தி நேரா பேச ஆரம்பிச்சா நடுவில் நிக்கிறவருக்குச் சங்கடமா இருக்கும்ங்கிறது எனக்கு நல்லா புரிஞ்சது. ஏன்னு பின்னால சொல்றேன்.

நம்ம ராமநாதபுரம் பக்கத்துக்கு இதெல்லாம் புதுசு இல்லை. கீழக்கரையில் அரபு வியாபாரம் எத்தனையோ தலைமுறையா நடந்திருக்கு. தமிழை அரபு எழுத்தில் எழுதற அரபுத்தமிழ்னு ஒரு முறையே அங்கே இருந்திருக்கு. முத்துக் குளிக்கிற இந்தக் கடலுக்குப் போர்ச்சுகீசியர் வந்தாங்க, அப்புறம் டச்சுக்காரர் வந்தாங்க. இன்னைக்கும் ராமேஸ்வரத்தில் சங்கு, பாசி விக்கிற அக்காக்களைப் பாருங்க. வடக்கே இருந்து வர்ற யாத்திரைக்காரங்ககிட்ட இந்தியில் விலை பேசறாங்க. எந்தப் பள்ளிக்கூடத்தில் படிச்சாங்க? கடைதான் பள்ளிக்கூடம்.

அப்படிக் கடை வழியா வந்த வார்த்தைங்க நம்ம வீட்டுக்குள்ளேயே குடியிருக்கு. ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை எல்லாம் போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போனது. ஏலம்கிறதும் அவங்க வார்த்தைதான். நம்ம ஏலச்சீட்டு எடுக்கிறோமே, அதில் பாதி போர்ச்சுகீசு! நம்ம குழு நோட்டை எடுத்துப் பாருங்க. சந்தா, வசூல், பாக்கி, ரசீது. இதெல்லாம் பாரசீகம், அரபு வழியா வந்தது. தராசும் அப்படித்தான். அதுக்கு மேலே இங்கிலீஷ்காரன் கொடுத்த லோன், பேங்க், பாஸ்புக். மாசா மாசம் நாலு தேசத்துப் பாஷையில் கணக்கு எழுதிட்டு, 'எனக்கு வேற பாஷை வராதுடி'ன்னு சொல்றோம்.

நம்ம பக்கம் இருந்தும் போயிருக்கு. கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் இங்கிலீஷ் அகராதியில் இருக்கு. நம்ம பனைமரத்துக்கு இங்கிலீஷில் பல்மைரான்னு பேர். அது இங்கிலீஷ் வார்த்தையே இல்லை, போர்ச்சுகீசியர் பனைக்குச் சொன்ன பேர். கருப்பட்டியை பாம் ஜாக்கரின்னு சொல்றாங்களே, அந்த ஜாக்கரி மலையாளத்துச் சக்கரை போர்ச்சுகீசியர் வாயில் நுழைஞ்சு மாறி வந்தது. வியாபாரத்தில் யாரும் முழுசாப் படிச்சுட்டு வந்து பேசலை. தேவைக்கு ஒரு வார்த்தை எடுத்தாங்க, வாயில் வந்தபடி சொன்னாங்க, அதுவே நின்னு போச்சு.

துபாஷிகளைப் பத்தியாவது புஸ்தகத்தில் பேர் இருக்கு. பேர் இல்லாம இங்கிலீஷ் பேசினவங்க ரொம்பப் பேர். வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் செய்தவங்க, சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கிக் கணக்குச் சொன்னவங்க, குழந்தை பார்த்துக்கிட்ட ஆயாக்கள். ஆயாங்கிறதே போர்ச்சுகீசு வார்த்தைதான். இவங்க காதால கேட்டே கத்துக்கிட்டாங்க. சென்னை மாகாணத்தில் அவங்க பேசின இங்கிலீஷுக்கு வெள்ளைக்காரங்க பட்லர் இங்கிலீஷ்னு பேர் வெச்சுக் கேலி பண்ணினாங்க. 'நான் சொல்லுவேன்' என்கிறதுக்கு 'ஐ டெல்லிங்', 'சொல்லிட்டேன்' என்கிறதுக்கு 'ஐ டன் டெல்' இப்படி. 1886-ல் வந்த ஒரு பெரிய அகராதியிலேயே அதை எழுதி வெச்சிருக்காங்க. கேலி பண்ணினவங்களுக்கு அந்தப் பேச்சு இல்லாம ஒரு வேளைச் சாப்பாடு நடக்கலைங்கிறது வேற விஷயம். வெள்ளைக்காரக் குடும்பத்தோட கப்பலில் குழந்தையைத் தூக்கிக்கிட்டு லண்டன் வரைக்கும் போன ஆயாக்கள் இருந்திருக்காங்க. அங்கே போனதும் 'வேலை முடிஞ்சது'ன்னு விட்டுட்டா, திரும்பி வர வழி இல்லாம நின்னவங்களும் உண்டு. அவங்க தங்கறதுக்குன்னே லண்டனில் ஹேக்னி என்ற இடத்தில் ஆயாக்கள் இல்லம் 1900-ல் இருந்து நடந்தது. நம்ம மாதிரிப் பொம்பளைங்க, தெரியாத ஊரில், உடைஞ்ச இங்கிலீஷை வெச்சுக்கிட்டுத் திரும்பற கப்பலுக்கு ஆள் தேடினாங்க. அவங்க பேசினதில் இலக்கணம் சரியான்னு பார்க்க எனக்கு மனசு வரலை.

பள்ளிக்கூட இங்கிலீஷ் வேற பாதையில் வந்தது. 1835-ல் மெக்காலே சொன்னபடி கவர்மெண்டுப் பணம் இங்கிலீஷ் படிப்புக்குப் போச்சு. அது உத்தியோகத்துக்காக வந்த படிப்பு, மனு எழுதவும் பரீட்சை எழுதவும். அந்த வழக்கம் இன்னும் போகலை. நான் பத்தாவது வரைக்கும் படிச்சேன். லீவ் லெட்டர் இப்பவும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். ஆனா 'இதில் சின்ன சைஸ் இருக்கா' என்று கேட்க ஒரு பாடமும் இல்லை.

அதுக்குள்ளே கடைத்தெரு மாறிப் போச்சு. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி அணா போய் நயா பைசா வந்தது. அடுத்த சில வருஷத்தில் வீசை, பலம், படி போய் கிலோ, லிட்டர் வந்தது. எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் வீசைக் கணக்குத்தான். அப்புறம் எல்லாம் பாக்கெட் ஆச்சு. பாக்கெட் மேலே என்ன எழுதணும்னு சட்டம் இருக்கு. இந்தியிலோ இங்கிலீஷிலோ கட்டாயம் எழுதணும். தமிழ் கூடச் சேர்த்துக்கலாம், ஆனா தமிழ் மட்டும் போதாது. இது வாங்கறப்பவும் நம்ம பிரச்சனை, விக்கிறப்பவும் நம்ம பிரச்சனை. நம்ம சாம்பார்ப் பொடிக்கும் கருவாட்டுப் பொடிக்கும் லேபிள் அடிக்கப் போனப்போ அச்சகத்தில் கேட்ட முதல் கேள்வியே 'நெட் வெயிட் எவ்வளவு, பேட்ச் நம்பர் என்ன, பெஸ்ட் பிஃபோர் எத்தனை மாசம்' என்பதுதான். நாலு பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. இப்ப எல்லாருக்கும் தெரியும். நெட் வெயிட்னா உறை எடை போக உள்ளே இருக்கிற சரக்கு. எம்.ஆர்.பி.னா வரி எல்லாம் சேர்த்த அதிகபட்ச விலை. அதுக்கு மேலே யாரும் வாங்கக் கூடாது, குறைச்சுக் கொடுக்கலாம். பெஸ்ட் பிஃபோர்னா அந்தத் தேதிக்குள்ளே சாப்பிட்டா ருசி, தரம் சரியா இருக்கும். எக்ஸ்பைரின்னா அதுக்கு அப்புறம் தொடவே கூடாது.

இனி நம்ம கதை. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதி உதவியோட மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சது. அப்புறம் நம்ம மாவட்டம் உட்பட வேற மாவட்டங்களுக்கும் வந்து, 1997-98-ல் மகளிர் திட்டமா விரிஞ்சது. இதெல்லாம் தலைவி அக்கா கட்டுரையில் விவரமா இருக்கும், நான் தாண்டிப் போறேன். குழு வந்ததால சேமிப்பு வந்தது, கடன் வந்தது. ஆனா செய்த சரக்கை விக்கிறதுதான் கடைசி வரைக்கும் இழுபறி. நம்ம ஓலைக் கொட்டான், நார்ப்பெட்டி, சுளகு, சாயம் போட்ட கூடை எல்லாம் டவுனில் இருந்து வர்ற ஒரு வியாபாரி மொத்தமா எடுத்துக்கிட்டுப் போவார். பல வருஷம் அப்படித்தான் ஓடிச்சு. கைப்பிடி வெச்ச நடுச் சைஸ் கூடைக்கு 70 ரூபாய் கொடுப்பார். குருத்தோலை வெட்டி, காயவெச்சு, கிழிச்சு, சாயம் காய்ச்சி, ஒரு கூடை முடிய ஒண்ணரை நாள் ஆகும்.

நம்ம உறுப்பினர் ஒருத்தர் மகள் வெளியூரில் காலேஜ் படிக்குது. அது ஒரு பெரிய கடையில் அதே கூடையைப் பார்த்திருக்கு. முடிச்சுப் போட்டிருந்த விதம் பார்த்தே 'இது எங்க மதினி பின்னினது'ன்னு கண்டுபிடிச்சிருச்சு. அதில் இங்கிலீஷில் ஒரு அட்டை தொங்குது. கையால செஞ்சது, இயற்கைச் சாயம், விலை 450. போட்டோ எடுத்து அனுப்பிச்சு. வியாழக்கிழமைக் கூட்டத்தில் அந்த போன் கை மாறிக் கை மாறிச் சுத்தினது இன்னும் ஞாபகம் இருக்கு. யாரும் ரொம்ப நேரம் பேசலை.

வியாபாரி முழுக்க ஏமாத்தினார்னு சொல்ல முடியாது. வண்டி வாடகை இருக்கு, அந்தக் கடைக்காரன் லாபம் இருக்கு, கரண்ட்டு இருக்கு. ஆனா அவர்கிட்ட விலை கேட்டப்போ சொன்ன பதில்தான் எல்லாருக்கும் சுருக்குனு தைச்சது. 'உங்களுக்குப் பாஷை தெரியாது, அங்கே வந்து என்ன பேசுவீங்க? பேசறதுக்குத்தான் எனக்குக் காசு.' இதைக் கேட்டப்போ எனக்கு அந்த முந்நூறு வருஷத்து நெசவாளர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் வித்தது நம்ம கூடையை மட்டும் இல்லை, நமக்குத் தெரியாத பேச்சையும் சேர்த்துத்தான்.

அடுத்து சென்னையில் மகளிர் குழுக் கண்காட்சிக்கு இடம் கிடைச்சப்போ பாதிச் சரக்கை அவருக்குக் கொடுக்காம நாமே எடுத்துக்கிட்டுப் போனோம். அங்கே தமிழ்ச் சனங்கதான் அதிகம். ஆனா கூடையைத் தூக்கிப் பார்த்தவங்களில் வடநாட்டுக்காரங்க, ஐ.டி. கம்பெனிப் பிள்ளைங்க, வெளிநாட்டுக்காரங்க நிறைய. முதல் நாள் ரொம்பக் கஷ்டம். ஆனா ஒரு நல்ல காரியம், செயலாளர் அக்கா ஒரு நோட்டில் என்னென்ன கேட்டாங்க, எங்கே முட்டிச்சுன்னு எல்லாத்தையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வெச்சாங்க. நாலு நாள் முடிஞ்சப்போ மூணு பக்கம். ஊருக்கு வந்ததும் அந்த மூணு பக்கம்தான் நம்ம பாடப்புத்தகம் ஆச்சு. இங்கிலீஷ் கடல்னு சொல்லுவாங்க. நம்ம கடைக்கு வேண்டியது மூணு பக்கம்.

அதில் இருந்து நாங்க கத்துக்கிட்டதில் முக்கியமானது 'ங்க'. நம்ம பாஷையில் மரியாதை வார்த்தைக்கு வாலில் இருக்கு. வாங்க, பாருங்க, கொடுங்க. அதை அப்படியே இங்கிலீஷுக்கு மாத்தினா கம், லுக், கிவ். அந்த 'ங்க' கீழே விழுந்துடுது. 'கிவ் மணி'ன்னு சிரிச்ச முகத்தோட சொன்னாலும் கேக்கிறவங்களுக்கு அதட்டற மாதிரி இருக்கு. ஒரு வடநாட்டு அம்மா முகம் சுருங்கினதை நானே பார்த்தேன். அதனால நம்ம 'ங்க'வுக்குப் பதில் ப்ளீஸ். 'ப்ளீஸ் கம்', 'ப்ளீஸ் சீ.' பணம் கேக்க வேண்டியதே இல்லை, விலையைச் சொன்னாப் போதும், 'டூ ஹண்ட்ரட் ப்ளீஸ்.' இந்த ஒரு வார்த்தையிலேயே பாதி வியாபாரம் சுமுகமா ஆயிடுச்சு. 'போயிட்டு வாங்க' என்கிறதை ஒரு அத்தாச்சி 'கோ அண்ட் கம்'னு சொல்லி, வாங்கினவங்க திரும்பி வந்து என்னன்னு கேட்டாங்க. இப்ப 'தேங்க்யூ, ப்ளீஸ் கம் அகெய்ன்.'

ரெண்டாவது ஆமா, இல்லை. இதை யாராவது பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். 'சிவப்பு இல்லையா?' என்று தமிழில் கேட்டா 'ஆமா, இல்லை'ம்போம். இங்கிலீஷில் 'யூ டோன்ட் ஹேவ் ரெட்?' என்று கேட்டாலும் நம்ம வாயில் 'எஸ்'னு வந்துடுது. அவங்க இருக்குன்னு நினைச்சு நிக்கிறாங்க, நாம இல்லைன்னு சொல்லிட்டோம்னு நினைச்சு நிக்கிறோம். ரெண்டு பேரும் சும்மா சிரிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அதனால குழுவில் ஒரு விதி போட்டோம். எஸ், நோ மட்டும் தனியாச் சொல்லக் கூடாது. 'வி ஹேவ்', 'வி டோன்ட் ஹேவ்.' முழுசாச் சொல்லணும். தலையாட்டறதும் வேண்டாம், நம்ம தலையாட்டல் வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியறது இல்லை.

மூணாவது காசு போற விஷயம். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. நூத்திப் பதினைஞ்சும் நூத்தி அம்பதும் சத்தத்தில் ஒண்ணா இருக்கு. கூட்டத்தில், ஸ்பீக்கர் பாட்டு நடுவில், முப்பத்தஞ்சு ரூபாய் காத்தோட போயிடும். தெர்ட்டீன், தெர்ட்டியும் அப்படித்தான். அதுக்கு வழி, எண்ணை உடைச்சுச் சொல்றது. 'ஒன் ஃபைவ் ஸீரோ.' சொல்லிக்கிட்டே கால்குலேட்டரில் அடிச்சுக் காட்டறது. அட்டையில் எழுதித் தொங்க விடறது எல்லாத்தையும் விட நல்லது.

பேரம்தான் பயிற்சியில் எல்லாருக்கும் பிடிச்ச பகுதி. ஒருத்தர் கடைக்காரி, ஒருத்தர் வாங்க வர்றவங்க, மத்தவங்க வேடிக்கை. வாங்க வர்றவங்களா நடிக்கிறதுக்குப் போட்டி, ஏன்னா நல்லா இழுத்தடிக்கலாம்.

'ஹவ் மச்?'
'திஸ் ஒன் டூ ஹண்ட்ரட் எய்ட்டி, மேடம்.'
'டூ மச்! ஒன் ஃபிஃப்டி.'
'ஸாரி மேடம். ஹேண்ட்மேட். ஒன் பாஸ்கெட், ஒன் அண்ட் ஹாஃப் டேஸ் வொர்க்.'
'லாஸ்ட் ப்ரைஸ்?'
'டூ சிக்ஸ்டி. லாஸ்ட்.'

இதில் கடைசி வார்த்தைக்கு அப்புறம் வாயை மூடணும். அதுதான் ரொம்பக் கஷ்டம். நம்ம வழக்கத்தில் அமைதியா இருக்க முடியாது, 'சரி விடுங்க, நீங்களே போட்டுக் கொடுங்க'ன்னு வந்துடும். அறுபது வயசு தாண்டின எங்க பக்கத்து வீட்டு அப்பத்தா இதில் எல்லாரையும் ஜெயிச்சது. 'லாஸ்ட்'னு சொல்லிட்டு ஓலை கிழிக்க ஆரம்பிச்சுடும், நிமிர்ந்தே பார்க்காது. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இங்கிலீஷில் அதுக்குத் தெரிஞ்சது மொத்தம் முப்பது வார்த்தை இருக்கும். அடுத்த கண்காட்சியில் அதிகம் வித்தது அந்தக் கடை மூலைதான்.

சரக்கைப் பத்திச் சொல்ற வார்த்தைங்களும் வேணும். தென்னை ஓலையான்னு கேப்பாங்க, 'நோ, பல்மைரா லீஃப்'னு சொல்லணும். தண்ணியில் ஊற வைக்கக் கூடாது, 'டோன்ட் வாஷ், ஒன்லி வைப்.' பூஞ்சை வராம இருக்க வெயிலில் வைக்கணும், 'கீப் இன் சன், ஒன் ஹவர்.' பொடி வகைக்குக் காரம் கேப்பாங்க, 'வெரி ஸ்பைசி', 'லிட்டில் ஸ்பைசி.' புரியலைன்னா புரிஞ்ச மாதிரித் தலையாட்டறதை விட 'ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி' நல்லது. ஒரு பிரான்ஸ் நாட்டு அம்மா வந்தாங்க. அவங்க இங்கிலீஷும் நம்மளை மாதிரியே உடைஞ்சதுதான், கையைக் காட்டிக் காட்டித்தான் பேசினாங்க. அவங்களுக்கு அதில் வெக்கமே இல்லை. நம்ம ஆளுங்களுக்கு அதைப் பார்த்தப்புறம்தான் பாதி பயம் போச்சு.

கொஞ்சம் பொறுக்கச் சொல்ல 'ஒன் மினிட் ப்ளீஸ்', சில்லறை இல்லைன்னா 'நோ சேஞ்ச், ஜிபே ஓகே?' குறை சொல்லி வந்தா, கூடை பிரிஞ்சிருந்தா, முதல்ல 'ஸாரி மேடம், ஐ வில் சேஞ்ச்.' சண்டைக்கு இங்கிலீஷ் நாங்க இன்னும் எடுக்கலை, அதுக்குத் தமிழே போதும்.

வாங்கற பக்கமும் பயிற்சி உண்டு. டவுனில் பெரிய ஏ.சி. கடைக்குள்ளே போனா நம்மளைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைங்க தமிழ் தெரிஞ்சும் இங்கிலீஷில் பேசும். அதுக்குப் பயந்து கேக்க வேண்டியதைக் கேக்காம வந்தவங்க எத்தனை பேர்! எங்க குழுவில் ஒரு மதினி எக்ஸ்பைரி முடிஞ்ச பால் பவுடர் டப்பாவைத் திருப்பிக் கொண்டு போய், 'திஸ் இஸ் எக்ஸ்பயர்ட். ப்ளீஸ் சேஞ்ச்'னு அஞ்சு வார்த்தைதான் சொன்னாங்க. பில்லும் கையில் இருந்தது. மாத்திக் கொடுத்தாங்க. பில் இல்லாம பேச்சு மட்டும் உதவாது, அதையும் சொல்லிடறேன். கடையில் கேக்கலைன்னா 1915-க்கு போன் பண்ணலாம். அது மத்திய அரசு நுகர்வோர் உதவி எண். அங்கே தமிழிலேயே பேசலாம், அதுக்கு இங்கிலீஷ் வேண்டியது இல்லை. எங்கே இங்கிலீஷ் வேணும், எங்கே வேண்டாம்னு தெரிஞ்சுக்கிறதும் இந்தப் பாடத்தில் பாதி.

வீட்டில் கேலி இருந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். 'துரைசாணி வந்தாச்சு'ன்னு ஒரு மதினியை அவங்க வீட்டுக்காரர் ரொம்ப நாள் கூப்பிட்டார். ஒரு அக்கா பிள்ளைங்க அம்மா உச்சரிப்பைச் செய்து காட்டிச் சிரிச்சதுங்க. பட்லர் இங்கிலீஷ்னு சிரிச்சவங்க ஞாபகம்தான் வந்தது. இப்ப அதே பிள்ளைங்கதான் சாயங்காலம் வாங்க வர்ற ஆளா நடிக்கிறதுங்க. ரொம்ப மோசமான வாடிக்கையாளர், அஞ்சு ரூபாய்க்குக் கூடை கேக்கும்.

கணக்கையும் சொல்லிடறேன், மலரில் கணக்கு இல்லாம எப்படி. அதே நடுச் சைஸ் கூடை, கண்காட்சியில் நாமே வித்தப்போ 260-ல் இருந்து 280. பஸ், லாரி வாடகை, தங்கின செலவு, சாப்பாடு எல்லாம் போக ஒரு கூடைக்கு 165 ரூபாய் கைக்கு நின்னது. 70-க்கும் 165-க்கும் நடுவில் இருந்தது மூணு பக்கப் பேச்சு. வியாபாரியோட சண்டை எதுவும் இல்லை, மழைக் காலத்தில் கண்காட்சி இருக்காது, அப்ப அவருக்குத்தான் கொடுக்கிறோம். ஆனா இப்ப 110 கொடுக்கிறார். கடைசியா வந்தப்போ, 'என்னம்மா, எல்லாரும் நேரா பேச ஆரம்பிச்சுட்டீங்களாமே'ன்னு கேட்டார். முகம் அவ்வளவு சரியில்லை. பாண்டிச்சேரி ழான் அம்மாவை நினைச்சுக்கிட்டேன்.

இனி மிச்சம் இருக்கிறது போன் பேச்சு. நேரில் பேசறப்போ கை இருக்கு, கால்குலேட்டர் இருக்கு, சிரிப்பு இருக்கு. போனில் ஒண்ணும் இல்லை. போன மாசம் பெங்களூரில் இருந்து ஒரு கடைக்காரம்மா நூறு கூடை கேட்டுக் கூப்பிட்டாங்க. செயலாளர் அக்கா 'ப்ளீஸ் வாட்ஸ்அப் மெசேஜ்'னு சொல்லிச் சமாளிச்சாங்க. மெசேஜ் வந்தது, பாதி முன்பணமும் வந்தது, கூடையும் போச்சு. ஆனா ஒவ்வொரு தடவையும் அப்படிச் சொல்ல முடியாது. அதனால அடுத்த வியாழக்கிழமையில் இருந்து ரெண்டு பேர் முதுகுக்கு முதுகு காட்டி ஒக்காந்து பேசப் போறோம், முகம் பார்க்காம. அட்ரஸ், பின்கோடு, தேதி, எத்தனை உருப்படி, எவ்வளவு முன்பணம். இந்த அஞ்சைக் கேட்டு எழுதிக்கணும். சாயங்காலம் நாலு மணிக்கு, கட்டிடத்துத் திண்ணையில். வர்றவங்க ஒரு நோட்டும், பின்னறதுக்கு ஓலையும் எடுத்துக்கிட்டு வாங்க.